மூலதனத்துக்கு உரிமை, மக்களுக்கு வழிகாட்டு நெறி

ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று பருவநிலை மாற்றம் தொடர்பாக நாடுகளுக்குள்ள சட்டக் கடமைகள் குறித்துத் தனது ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக ஏற்ற கருத்து அது. மறுநாள், ஜூலை 24 அன்று, இந்தியாவும் பிரிட்டனும் விரிவான பொருளாதார, வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இரண்டாவது செய்தி நமது ஊடகங்களில் பெரும் கொண்டாட்டமாக இடம்பெற்றது. முதலாவது, வழக்கம்போல, ஓரிரு நாள்களில் மறைந்துபோனது. அடுத்தடுத்த நாள்களில் நிகழ்ந்த இவ்விரண்டையும் தொடர்பற்ற செய்திகளாகப் பார்ப்பது தவறு. இரண்டின் பின்னாலும் நிற்பது சர்வதேசச் சட்டத்தின் ஒரே சொல். ஆங்கிலத்தில் ‘ஈக்விட்டி’ என்று வழங்கும் அந்தச் சொல், எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பதைப் பொறுத்துத் தன் பொருளை மாற்றிக்கொள்கிறது.

அச்சொல்லைத் தமிழில் ஒரே சொல்லில் அடக்குவது கடினம். சமத்துவம் என்றால் போதாது. எல்லோருக்கும் ஒரே அளவு என்பதல்ல அதன் பொருள். நேர்மை, நடுவுநிலைமை, ஒப்புரவு ஆகிய மூன்றின் சாயலும் அதில் உண்டு. செய்தித்தாளின் வணிகப் பக்கத்திலோ அதே சொல்லுக்குப் பங்கு மூலதனம் என்று பொருள். இந்தத் தற்செயல் ஒற்றுமையில் ஒரு கசப்பான உண்மை ஒளிந்திருப்பதைக் கீழே காண்போம். இங்கு அதைச் சமநீதி என்றே குறிப்பிடுகிறோம். பொதுவிதியை எழுத்துக்கு எழுத்து பொருத்தினால் அநீதி விளையும் இடத்தில், சூழ்நிலைகளையும் ஏற்றத்தாழ்வுகளையும் கணக்கில் கொண்டு விதியைத் திருத்திப் பொருத்தும் நெறி அது.

மார்க்சியம் பயின்றவர்களுக்கு இச்சிக்கல் புதிதல்ல. சமமற்ற மனிதர்கள் மீது சமமான அளவுகோலை வைத்தால் கிடைப்பது சமமின்மையே என்று 1875இல் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்து எழுதிய குறிப்புகளில் மார்க்ஸ் விளக்கினார். நாடுகளுக்கும் இது பொருந்தும். இறையாண்மையில் எல்லா நாடுகளும் சமம் என்கிறது ஐ.நா. சாசனம். சுமார் மூன்று லட்சம் மக்களைக் கொண்ட வனுவாட்டுவும் அமெரிக்காவும் அந்த வாசகத்தின் முன் சமம்தான். கடல்மட்டம் உயரும்போது சமமல்ல.

எல்லைக் கோடுகளும் குழிந்த கரைகளும்

சமநீதி என்பது ஏதோ வளர்முக நாடுகள் கண்டுபிடித்துக் கொண்டுவந்த கோரிக்கை என்று சித்திரிப்போர் உண்டு. உண்மை அதுவன்று. ஐரோப்பிய நாடுகள் தமக்குள் வழக்காடும்போது அதனைத் தாராளமாகவே பயன்படுத்தின. 1937இல் மியூஸ் நதி நீர் தொடர்பாக நெதர்லாந்து பெல்ஜியத்தின் மீது தொடுத்த வழக்கில், தானே மீறிவரும் ஒரு கடமையை மற்றவர் மீறுவதாக ஒரு நாடு முறையிட முடியாது என்ற சமநீதி நெறியை நீதிபதி மேன்லி ஹட்சன் விரிவாக எடுத்துரைத்தார். 1969இல் வடகடல் கண்டத்திட்டு வழக்கு வந்தது. டென்மார்க்குக்கும் நெதர்லாந்துக்கும் இடையே அமைந்த மேற்கு ஜெர்மனியின் கடற்கரை உள்வாங்கிக் குழிந்தது. சமதூரக் கோட்டை இயந்திரத்தனமாக வரைந்தால் ஜெர்மனியின் பங்கு சுருங்கி முனையாக முடிந்துவிடும். அது நியாயமல்ல என்று சர்வதேச நீதிமன்றம் 11க்கு 6 என்ற பெரும்பான்மையில் கூறியது. சமதூரக் கோடு கட்டாய விதியல்ல, சமநீதி நெறிகளின்படி உடன்பாடு காணுங்கள் என்று தீர்ப்பளித்தது. அந்தக் கடலடியில் இருந்தவை எண்ணெயும் எரிவாயுவும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதே தீர்ப்பில் நீதிமன்றம் சமநீதிக்கு ஓர் எல்லையையும் வகுத்தது. இயற்கையை முற்றிலும் திருத்தி எழுதுவது சமநீதியின் வேலையல்ல. கரையே இல்லாத நாட்டுக்குக் கரையுள்ள நாட்டின் பங்கைத் தர முடியாது. நீதிமன்றத்தின் சாசனம், பிரிவு 38இல், இரு தரப்பும் இசைந்தால் சட்டத்துக்கு அப்பாற்பட்டும் நியாயத்தின்படி தீர்க்கலாம் என்று அனுமதிக்கிறது. இதுவரை எந்த நாடும் அப்படி இசைந்ததில்லை. ஆகவே நீதிமன்றம் கையாளும் சமநீதி, சட்டத்துக்கு உள்ளே இருந்து சட்டத்தைப் பொருள்கொள்ளும் சமநீதி. அதை மீறும் சமநீதி அதன் கைக்கு வந்ததில்லை.

நமது வாசலிலேயே நிகழ்ந்த எடுத்துக்காட்டு வங்கக்கடல். 1947இல் ராட்கிளிஃப் வரைந்த கோடு நிலத்தோடு முடிந்தது. கடலில் இந்தியாவும் வங்கதேசமும் பல பத்தாண்டுகள் இழுபறியில் இருந்தன. வடகடலில் ஜெர்மனி நின்ற இடத்தில் வங்கக்கடலில் வங்கதேசம் நின்றது. ஒருபுறம் இந்தியா, மறுபுறம் மியான்மர், நடுவே குழிந்த கரை. 2014 ஜூலை 7 அன்று வந்த நடுவர் தீர்ப்பு, சர்ச்சைக்குரிய சுமார் 25,602 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் 19,467 சதுர கிலோமீட்டரை வங்கதேசத்துக்கு அளித்தது. இந்தியா அதனை ஏற்றுக்கொண்டது. இரு நாடுகளும் ஆண்டுக்கணக்கில் உரிமை கொண்டாடிய நியூ மூர் தீவு அதற்குள்ளாகவே கடலில் மூழ்கிப்போயிருந்தது என்பது இந்தக் கதையின் துயரமான அடிக்குறிப்பு.

பெரிய நாடு சிறிய அண்டை நாட்டிடம் கடற்பரப்பை இழந்தது தேசியவாத வீராவேசம் பேசுவோருக்குக் கசக்கலாம். இடதுசாரிகள் இதனை வரவேற்கத் தயங்க வேண்டியதில்லை. சமநீதி என்பது இந்தியாவுக்குச் சாதகமாக இருக்கும்போது மட்டும் நாம் உச்சரிக்கும் சொல்லாக இருக்கலாகாது.

1974இல் எழுந்த குரல்

எல்லைக் கோடுகளில் எளிதாக ஏற்கப்பட்ட நெறியை உலகப் பொருளாதாரத்துக்கு விரிவாக்கக் கேட்டபோதுதான் ஏகாதிபத்தியத்தின் முகம் மாறியது. 1973இல் அல்ஜியர்சில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாட்டைத் தொடர்ந்து, அல்ஜீரிய அதிபர் பூமதியனின் முன்முயற்சியில் ஐ.நா. பொதுச்சபை சிறப்பு அமர்வு கூடி, 1974 மே 1 அன்று புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்குக்கான பிரகடனத்தை ஏற்றது. அந்த ஒழுங்கின் அடித்தளங்களில் முதலாவதாக அது குறிப்பிட்டது சமநீதியை. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று நாடுகளின் பொருளாதார உரிமைகளும் கடமைகளும் பற்றிய சாசனம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 120. எதிர்ப்பு 6. நடுநிலை 10. எதிர்த்து வாக்களித்தவை அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், டென்மார்க், லக்சம்பர்க். வடகடல் வழக்கில் சமநீதியால் பயனடைந்த மேற்கு ஜெர்மனியின் பெயர் இப்பட்டியலில் இருப்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

120 நாடுகளின் வாக்கு என்னவாயிற்று? 1977 ஜனவரியில், எண்ணெய் வயல்களை நாட்டுடைமையாக்கிய லிபியாவுக்கு எதிராக டெக்சாகோ நிறுவனம் தொடுத்த வழக்கை விசாரித்த தனி நடுவர், சந்தைப் பொருளாதாரம் கொண்ட தொழில்வள நாடுகள் ஏற்காததால் அச்சாசனம் நடைமுறையிலுள்ள சட்டமாகாது என்று முடிவு கூறினார். உலக மக்கள்தொகையின் மிகப் பெரும்பகுதி கைதூக்கியும் அது விருப்பம். ஆறு பணக்கார நாடுகள் கைதூக்காததால் அது சட்டமல்ல.

வளர்முக நாடுகளின் சமநீதிக் கோரிக்கை இவ்வாறு முடக்கப்பட்ட அதே காலத்தில், மற்றொரு சமநீதி சத்தமின்றி வளர்ந்துகொண்டிருந்தது. டாய்ச் வங்கியின் தலைவர் ஹெர்மன் ஆப்ஸும், பிரிட்டனின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஹார்ட்லி ஷாகிராஸும் 1959இல் அந்நிய முதலீட்டுப் பாதுகாப்புக்கான வரைவு ஒன்றைத் தயாரித்தனர். அந்நியச் சொத்துக்கு ‘நியாயமான, சமநீதியான நடத்துகை’ வழங்கப்பட வேண்டும் என்ற வாசகம் அதில் இருந்தது. அதே ஆண்டு மேற்கு ஜெர்மனியும் பாகிஸ்தானும் உலகின் முதல் இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பின்னர் இத்தகைய ஒப்பந்தங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்த வாசகம் நிலையாக இடம்பெற்றது. நவதாராளமயப் பாதையில் அடியெடுத்து வைத்த இந்தியா 1994இல் தனது முதல் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. மறுதரப்பு பிரிட்டன்.

ஒரே கட்டடத்தில் இரு சமநீதிகள்

சர்வதேச நீதிமன்றம் இயங்கும் ஹேக் நகரின் சமாதான அரண்மனை 1913இல் திறக்கப்பட்டது. அதற்கு நிதியளித்தவர் அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி. 1892இல் ஹோம்ஸ்டெட் எஃகாலை வேலைநிறுத்தத்தின்மீது பிங்கர்ட்டன் கூலிப்படை ஏவப்பட்டதே, அந்த ஆலை அவருடையதுதான். அந்த அரண்மனையிலேயே நிரந்தர நடுவர் மன்றமும் இருக்கிறது. கெய்ர்ன் எனர்ஜி என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம் இந்தியாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அம்மன்றத்தின் நிர்வாகத்தில்தான் நடந்தது.

இந்தியாவிலுள்ள சொத்தின் மதிப்பை அயல்நாட்டு நிறுவனங்களின் வழியே கைமாற்றி ஈட்டிய லாபத்துக்கு வரி உண்டா என்பதே மையக் கேள்வி. நாடாளுமன்றம் 2012இல் பின்தேதியிட்ட திருத்தத்தின் மூலம் உண்டு என்றது. 10,247 கோடி ரூபாய் வரி கோரப்பட்டது. பின்தேதியிட்டுச் சட்டம் இயற்றியது சரியா என்பது தனி விவாதம், அதற்கு இரு பக்கமும் வாதங்கள் உண்டு. இங்கு பார்க்க வேண்டியது யார் தீர்த்தார்கள், எதைக்கொண்டு தீர்த்தார்கள் என்பதை. மூன்று தனியார் நடுவர்கள் 2020 டிசம்பரில், 1994ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ‘நியாயமான, சமநீதியான நடத்துகை’ பிரிவை இந்தியா மீறிவிட்டதாகக் கூறி, சுமார் 120 கோடி டாலரும் வட்டியும் செலவும் தர உத்தரவிட்டனர். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் வோடஃபோன் வழக்கிலும் நெதர்லாந்து ஒப்பந்தத்தின் அதே வாசகத்தைக் கொண்டே இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்திருந்தது.

அடுத்து நடந்ததுதான் பாடம். கெய்ர்ன் நிறுவனம் உலகெங்கும் இந்திய அரசின் சொத்துகளைத் தேடிப் புறப்பட்டது. அமெரிக்காவில் ஏர் இந்தியா மீது வழக்கு. பாரிசில் இந்திய அரசுக்குச் சொந்தமான சுமார் 20 குடியிருப்புச் சொத்துகளை முடக்க பிரெஞ்சு நீதிமன்றத்தின் அனுமதி. 2021 ஆகஸ்டில் மோடி அரசு அந்த வரிச் சட்டத் திருத்தத்தையே திரும்பப் பெற்றது. 2022இல் சுமார் 7,900 கோடி ரூபாயைத் திருப்பித் தந்தது. முதலாளியின் கையில் சமநீதி என்பது வழிகாட்டும் இலட்சியமல்ல. அது ஜப்தி ஆணை. வணிகப் பக்கத்தின் பொருளும் சட்டப் புத்தகத்தின் பொருளும் ஒன்றாகிவிடும் இடம் இது.

இப்போது அதே அரண்மனையின் மற்றொரு மண்டபத்துக்கு வருவோம். 2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர் தொடங்கிய இயக்கம்தான் வனுவாட்டு அரசின் கோரிக்கையாகி, 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபையின் ஒருமித்த தீர்மானமாயிற்று. 132 நாடுகள் அதனை இணைந்து முன்மொழிந்தன. 2024 டிசம்பரில் இரண்டு வாரங்கள் நடந்த விசாரணையில் 96 நாடுகளும் 11 சர்வதேச அமைப்புகளும் வாதிட்டன. அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் இத்தனை தரப்புகள் பங்கேற்ற வழக்கு வேறில்லை.

வழக்கின் உள்ளே இருந்த பொருள் 1992இல் ரியோவில் கையெழுத்தான உடன்பாடு. சமநீதியின் அடிப்படையிலும், பொதுவான ஆனால் வேறுபட்ட பொறுப்புகளுக்கு ஏற்பவும் நாடுகள் பருவநிலையைக் காக்க வேண்டும் என்கிறது ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு. அப்பொறுப்புகள் ஏன் வேறுபட்டவை? தொழிற்புரட்சிக் காலம் முதல் புதைபடிவ எரிபொருள்களால் வெளியான கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால்பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. உலக மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் கொண்ட இந்தியாவின் பங்கு 3 முதல் 4 சதவீதம். இன்றும் ஓர் அமெரிக்கரின் சராசரி ஆண்டு உமிழ்வு சுமார் 14 டன், ஓர் இந்தியருடையது சுமார் 2 டன். வயல் நெல்லின் மீத்தேனையும் சொகுசுக் காரின் புகையையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று 1991இலேயே அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் கேட்டனர். பிழைப்புக்கான உமிழ்வு வேறு, ஆடம்பர உமிழ்வு வேறு என்ற வேறுபாட்டை உலக விவாதத்துக்குள் கொண்டுவந்தது அவர்களது சிறு நூல்.

ரியோவுக்குப் பின் வந்தது தொடர்ந்த பின்வாங்கல். பணக்கார நாடுகளுக்குக் கட்டாய இலக்கு விதித்த 1997ஆம் ஆண்டின் கியோட்டோ நெறிமுறையை அமெரிக்கா ஏற்கவே இல்லை. அந்நெறிமுறை இறுதி வடிவம் பெறுமுன்பே அமெரிக்க செனட் 95க்கு 0 என்ற வாக்கில் அத்தகைய உடன்பாட்டை எதிர்த்துத் தீர்மானம் இயற்றியிருந்தது. 2011இல் கனடா வெளியேறுவதாக அறிவித்தது. அதே ஆண்டு டர்பனில் எழுதப்பட்ட முடிவில் சமநீதி என்ற சொல்லே இடம்பெறவில்லை. பாரிசில் 2015இல் அச்சொல் திரும்பி வந்தது, ஆனால் ஒவ்வொரு நாட்டின் சூழ்நிலைக்கேற்ப என்ற வால் ஒட்டிக்கொண்டு. இழப்பும் சேதமும் பற்றிய 8ஆம் பிரிவு சட்டப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படையாகாது என்ற வரியை அமெரிக்கா வற்புறுத்தி மாநாட்டு முடிவில் சேர்த்துக்கொண்டது. அப்படிச் சேர்த்த பிறகும் டிரம்ப் இருமுறை பாரிஸ் உடன்பாட்டிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டார். ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று 2009இல் கோபன்ஹேகனில் தந்த வாக்கை 2020க்குள் நிறைவேற்றவில்லை. தந்ததிலும் பெரும்பகுதி கடன். 2024 நவம்பரில் பாகுவில், வளர்முக நாடுகள் கேட்ட 1.3 லட்சம் கோடி டாலருக்கு எதிரே 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற தொகை இறுதி நேரத்தில் சுத்தியல் தட்டி முடிக்கப்பட்டது. இந்தியப் பிரதிநிதி அது ஒரு கண்கட்டு வித்தை என்று அங்கேயே கண்டித்தார். கண்டனம் சரியானது. முடிவு மாறவில்லை.

இந்தப் பின்னணியில் ஜூலை 23ஆம் நாள் கருத்து சிறிய வெற்றியல்ல. பருவநிலை உடன்படிக்கைகளில் எழுதப்பட்டவை மட்டுமே கடமைகள், வேறெந்தச் சட்டமும் பொருந்தாது என்ற பெரும் உமிழ்வு நாடுகளின் வாதத்தை நீதிமன்றம் நிராகரித்தது. உடன்படிக்கையில் இல்லாத நாட்டையும் வழக்காற்றுச் சட்டம் கட்டுப்படுத்தும் என்றது; வெளியேறிவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற கணக்கு அங்கே உடைகிறது. புதைபடிவ எரிபொருள் உற்பத்திக்கு உரிமம் வழங்குவதும் மானியம் தருவதும்கூடச் சர்வதேசச் சட்டமீறலாக அமையக்கூடும் என்றது. மீறல் நிறுவப்பட்டு, அதனால் விளைந்த சேதமும் நிறுவப்பட்டால், இழப்பீடு உட்பட முழு நிவாரணம் கோரலாம் என்றது. பாரிசில் அமெரிக்கா பூட்டிய கதவு முழுதாகத் திறக்கவில்லை. பூட்டு தளர்ந்திருக்கிறது.

ஆனால் சமநீதி பற்றி நீதிமன்றம் கூறியதைக் கவனமாகப் படிக்க வேண்டும். சமநீதி, தலைமுறைகளுக்கிடையிலான சமநீதி, பொதுவான ஆனால் வேறுபட்ட பொறுப்புகள் ஆகிய யாவும் சட்ட விதிகளைப் பொருள்கொள்வதற்கும் பொருத்துவதற்கும் வழிகாட்டும் நெறிகள் என்று அது வகைப்படுத்தியது. தாமாகவே கடமைகளைத் தோற்றுவிக்கும் விதிகளாக அல்ல. வளர்ந்த நாடு, வளர்முக நாடு என்ற தகுதி நிலையானதல்ல என்றும் சுட்டிக்காட்டியது. கருத்தும் ஆலோசனைக் கருத்தே, கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல. பாரிசில் எந்த எண்ணெய் நிறுவனத்தின் வீட்டையும் வனுவாட்டு முடக்க முடியாது. ஒரே கட்டடத்தில், ஒரே சொல், கெய்ர்னுக்கு ஜப்தி உரிமையாகவும் வனுவாட்டுவுக்கு வழிகாட்டு நெறியாகவும் வழங்கப்படுகிறது.

இதைக்கொண்டு சர்வதேசச் சட்டமே வெறும் முதலாளித்துவ மாயை, அதில் போராட ஒன்றுமில்லை என்று முடிவுகட்டும் அதிதீவிரப் பேச்சு பயனற்றது. பத்து மணிநேர வேலைச் சட்டத்தையும் முதலாளித்துவ நாடாளுமன்றம்தான் இயற்றியது. இலங்கையைச் சேர்ந்த நீதிபதி வீரமந்திரி, 1993இல் டென்மார்க்குக்கும் நார்வேக்கும் இடையிலான யான் மாயென் வழக்கில் சமநீதி குறித்து எழுதிய நீண்ட தனிக்கருத்தும், 1997இல் டான்யூப் அணை வழக்கில் இலங்கையின் பழம்பெரும் ஏரிப் பாசன மரபைச் சான்றாக்கி எழுதிய தனிக்கருத்தும், ஐரோப்பாவின் சொல்லை ஆசியாவின் அனுபவத்தால் நிரப்ப முடியும் என்பதற்குச் சாட்சிகள். தனிக்கருத்துகளாக அன்று எழுதப்பட்டவை பின்னாளில் வாதத்துக்குக் கைகொடுக்கின்றன. நெறியை விதியாக்குவது போராட்டத்தின் வேலை.

மோடி அரசின் இரட்டை நாக்கு

அப்போராட்டத்தில் இந்திய அரசு எங்கே நிற்கிறது? ஹேக் விசாரணையில் இந்தியா, வரலாற்றுப் பொறுப்பையும் சமநீதியையும் எடுத்துரைத்தது. அது சரி. அதே மூச்சில், இருக்கும் உடன்படிக்கைகளுக்கு அப்பால் புதிய கடமைகளை நீதிமன்றம் உருவாக்கலாகாது என்றும் எச்சரித்தது. இந்த ஒரு புள்ளியில் இந்தியாவின் வாதம் பசிபிக் தீவுகளைவிட அமெரிக்காவுக்கே நெருக்கமாக இருந்தது. வரலாற்றுக் குற்றவாளியைக் கூண்டில் ஏற்ற ஒரு வாய்ப்பு வந்தபோது, கூண்டின் கதவை அகலத் திறக்க வேண்டாம் என்று பாதிக்கப்பட்டவரே கேட்பது விந்தை. நிலக்கரிச் சுரங்கங்களை அள்ளிக்கொண்டிருக்கும் உள்நாட்டுப் பெருமுதலாளிகளின் நலன் அதற்குப் பின்னால் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வர்த்தகச் சட்டம் சமநீதியை எப்படி நடத்துகிறது என்பதை இந்தியா ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. 2010இல் தொடங்கப்பட்ட தேசிய சூரிய ஆற்றல் திட்டத்தில் உள்நாட்டில் தயாரான சூரியத் தகடுகளைக் குறிப்பிட்ட அளவு பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. பருவநிலை உடன்படிக்கைகளின் கீழ் தனக்குள்ள கடமைகளை இந்தியா எடுத்துக்காட்டியது. 2016 செப்டம்பரில் மேல்முறையீட்டு அமைப்பு அதனை ஏற்காமல் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உமிழ்வைக் குறை என்பார்கள், குறைக்கும் தொழிலை உன் நாட்டில் வளர்க்காதே என்பார்கள்.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் முதலியவற்றின் இறக்குமதிக்கு எல்லைக் கார்பன் வரியைக் கொண்டுவந்திருக்கிறது. 2026 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. இருநூறு ஆண்டு எரித்தவருக்கும் நேற்று அடுப்பு மூட்டியவருக்கும் டன்னுக்கு ஒரே விலை, வசூல் ஐரோப்பியக் கருவூலத்துக்கு. ரியோவில் எழுதிய வேறுபட்ட பொறுப்பை வர்த்தக வழியில் துடைத்தெறியும் ஏற்பாடு இது. பிரிட்டனும் 2027 ஜனவரி முதல் இத்தகைய வரியை அறிவித்துள்ளது. ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் அதிலிருந்து இந்தியாவுக்கு விலக்குப் பெறப்படவில்லை. மாநாட்டு மேடைகளில் இந்த வரியைக் கண்டிக்கும் அரசு, பேரம் பேசும் மேசையில் அதனை வாங்கிக்கொள்ளாமல் எழுந்துவிட்டது.

இதைவிட ஆபத்தானது அடுத்து வரவிருப்பது. முதலீட்டு வழக்குகளில் அடிபட்ட பின், இந்தியா 2016இல் புதிய மாதிரி முதலீட்டு ஒப்பந்தத்தை வகுத்தது. ‘நியாயமான, சமநீதியான நடத்துகை’ என்ற வாசகம் அதில் கைவிடப்பட்டது. அந்நிய முதலீட்டாளர் முதலில் ஐந்தாண்டுகள் இந்திய நீதிமன்றங்களில் பரிகாரம் தேட வேண்டும் என்றது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய ஒப்பந்தங்களுக்கு முடிவு அறிவிப்பும் தரப்பட்டது. இந்த அரசு செய்தவற்றில் இடதுசாரிகள் குறை காணாத மிகச் சிலவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் 2024இல் ஐக்கிய அரபு அமீரகத்துடன் செய்த ஒப்பந்தத்தில் ஐந்தாண்டு மூன்றாண்டாகக் குறைந்தது. 2025 பிப்ரவரி பட்ஜெட் உரையில் நிதியமைச்சர், மாதிரி ஒப்பந்தம் முதலீட்டாளருக்கு இணக்கமாக மாற்றியமைக்கப்படும் என்று அறிவித்தார். பிரிட்டனுடன் தனியே ஒரு முதலீட்டு ஒப்பந்தத்துக்கான பேச்சும் நடந்துவருகிறது. 1994இல் திறந்து, பின்னர் மூடி, 7,900 கோடி ரூபாய் பாடமும் படித்த வாசலை, அதே பிரிட்டனுக்காக மீண்டும் திறக்கும் முயற்சி இது. பருவநிலைக் காரணத்துக்காக நாளை ஒரு சுரங்கத்தை மூடினாலும், மாசுக் கட்டுப்பாட்டை இறுக்கினாலும், அந்நிய முதலாளி சமநீதி கேட்டு ஹேக் செல்வான்.

வெளியே சமநீதி பேசும் அரசு உள்ளே என்ன செய்கிறது என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. 2022–23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதமும் செல்வத்தில் 40.1 சதவீதமும் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரின் கையில் இருந்ததாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் ஆய்வு கூறுகிறது. இந்தியரின் சராசரி உமிழ்வு 2 டன் என்ற கணக்கில் அந்த ஒரு சதவீதத்தினர் ஏழைகளின் பின்னால் மறைந்துகொள்கின்றனர். வெயிலில் செங்கல் சுமப்பவரின் உமிழ்வுக் கணக்கைக் காட்டி மாளிகைகளின் குளிரூட்டிக்குக் காப்புரிமை பெறுவதே இது. பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமை அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கியது என்று உச்சநீதிமன்றம் 2024 மார்ச்சில் கூறியது. வெப்ப அலையில் வேலை நிறுத்தும் உரிமையும் ஊதிய இழப்பீடும் சட்டமாகாமல் அந்த உரிமைக்கு உயிரில்லை. நிலக்கரிப் படுகைகளின் தொழிலாளர்களுக்கு மாற்று வேலையும் ஓய்வூதியமும் உறுதி செய்யாமல் நியாயமான மாற்றம் என்று பேசுவதும் அவ்வாறே.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் பருவநிலை மாநாடு கூடியது. ஜூலை 23ஆம் நாள் கருத்தை வனுவாட்டுவோடும் பிற தீவு நாடுகளோடும் சேர்ந்து அங்கே ஆயுதமாக ஏந்துவதா, அமெரிக்கா விட்டுச் சென்ற இருக்கையின் நிழலில் பதுங்குவதா என்பதை இந்தியா தேர்ந்தாக வேண்டியிருந்தது. ஒப்பந்தங்களில் கையெழுத்திட நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை என்ற நிலையைப் பயன்படுத்தியே பிரிட்டன் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. முதலீட்டு ஒப்பந்தமும் அப்படியே முடிக்கப்படலாம். 2015இல் மாதிரி ஒப்பந்தத்தின் வரைவு பொதுவெளியில் வைக்கப்பட்டது, நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் அதனை ஆராய்ந்து தனது 260ஆவது அறிக்கையை அளித்தது. இம்முறை திருத்தப்படும் வரைவும் அதேபோல வெளியிடப்பட வேண்டும், நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட வேண்டும், ‘நியாயமான, சமநீதியான நடத்துகை’ என்ற வாசகம் எந்தப் பெயரிலும் அதில் திரும்ப நுழையக் கூடாது. இடதுசாரிக் கட்சிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களும், எஃகு, நிலக்கரித் துறைகளின் தொழிற்சங்கங்களும் இக்கோரிக்கையை உடனடியாக எழுப்ப வேண்டும். பிரிட்டனுடன் பேச்சு முடிந்த பின் எழுப்பினால் பதினைந்தோ இருபதோ ஆண்டுகளுக்கு நடுவர் மன்றங்களின் படிகளில்தான் பதில் தேட வேண்டியிருக்கும்.